பிலிப்பினோ-அமெரிக்க ஃபுட் கார்ட்: மெனுவை முடிவு செய்வது சமையற்காரரா, ஃப்ரையரா?

சட்டுவம் எழுதியது:

ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் ஃபுட் கார்ட் என்றால் ஊர் சுற்றும் டிரக் இல்லை. ஒரு மனையில் பத்துப் பதினைந்து வண்டிகள் சேர்ந்து நிற்கும். அந்த இடத்துக்கு 'பாட்' என்று பெயர். வண்டி நகராது, கரண்ட் மனைக்காரர் கொடுப்பார், மாத வாடகை. அப்படி ஒரு 'பாட்' மனையில் 8க்கு 16 அடி வண்டி, ஒரே குடும்பத்தில் மூன்று பேர், புதுப்பாணி பிலிப்பினோ-அமெரிக்கச் சமையல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெனு: பன்றி சிசிக் (பொடியாக நறுக்கி வறுத்த தலைக்கறி), அடோபோ (வினிகர்-சோயாவில் வேகவைத்த) சிக்கன் விங்ஸ், லும்பியா (மாவு ஷீட்டில் கைமா சுருட்டிப் பொரித்தது), கரே-கரே (வேர்க்கடலைக் குழம்பு) ஊற்றிய ஃப்ரைஸ், பூண்டுச் சோறு, இனிப்புக்கு டுரோனும் (பொரித்த வாழைப்பழச் சுருள்) ஊபே (ஊதாக் கிழங்கு) குக்கியும். 40 பவுண்டு எண்ணெய் பிடிக்கும் ஃப்ரையர் ஒன்று, 24 அங்குலக் கல் ஒன்று, இரண்டு பர்னர். மதியம் 12லிருந்து 2 வரை 60 டிக்கெட் (ஆர்டர் சீட்டு) எதிர்பார்ப்பு. இது ஓடுமா? எந்த இடத்தில் சிக்கும்?

பொரிச்சட்டி எழுதியது:

ஓடாதுங்க. கணக்கு போட்டுப் பாருங்க.

ஏழு ஐட்டத்துல நாலு ஃப்ரையர்ல விழுது: விங்ஸ், லும்பியா, ஃப்ரைஸ், டுரோன். 40 பவுண்டு ஃப்ரையர்னா ரெண்டு கூடை. ரெண்டு மணி நேரத்துக்கு மொத்தம் 240 கூடை-நிமிஷம். 60 டிக்கெட்டுக்குச் சராசரியா ஒண்ணரை பொரியல் ஐட்டம்னா 90 தடவை கூடை இறங்கணும். ஒரு தடவைக்கு 5 நிமிஷம், ஆக 450. கையில இருக்கறது 240. ஒரே கூடையில ரெண்டு ஆர்டர் சேர்த்துப் போட்டாலும் 225 ஆயிடும். எண்ணெய் திரும்பச் சூடேற நேரம் எங்கே? மூணாவது கூடையிலேயே 175 டிகிரி செல்சியஸ் இருந்த எண்ணெய் 150க்கு இறங்கிடும். அதுக்கப்புறம் வர்றதெல்லாம் எண்ணெய் குடிச்ச லும்பியாதான்.

முதல்ல டுரோனைத் தூக்குங்க. வாழைப்பழத்தோட பழுப்புச் சர்க்கரையையும் சுருட்டி எண்ணெய்ல போடறப்போ சர்க்கரை வழிஞ்சு அடியில கரியும். அன்னிக்குச் சாயங்காலமே எண்ணெய் கறுத்துடும், அடுத்து விழுற ஃப்ரைஸ்ல கசப்பு ஏறும். டுரோன் வேணும்னா தனிச் சட்டியில, ரெண்டு அங்குல எண்ணெய்ல. ரஷ் நேரத்துல அந்தப் பர்னர் கிடைக்காது.

நள்ளிரவுப்_பசி எழுதியது:

டுரோனைத் தூக்குவானேன், கரே-கரே ஃப்ரைஸைத் தூக்குங்கள். வால் எலும்போடு வாழைப்பூவும் கத்தரிக்காயும் போட்டு வீட்டில் மணிக்கணக்கில் வேகும் குழம்பை உருளைக்கிழங்கு வறுவல்மேல் ஊற்றுவது எந்த ஊர் பிலிப்பினோ சாப்பாடு?

கல்லடுப்பு எழுதியது:

நள்ளிரவு, அந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டால் சிசிக்கே மிஞ்சாது. இன்று எல்லாரும் சாப்பிடும் சூடான, மொறுமொறு சிசிக் 1974 வாக்கில் பம்பாங்கா மாகாணத்து ஏஞ்சலஸ் நகரில், லூசியா குனானன் என்கிற 'ஆலிங் லூசிங்'கின் ரயில்வே கிராசிங் கடையில் உருவானது. பக்கத்தில் அமெரிக்கர்களின் கிளார்க் விமானத் தளம். அங்கே பயன்படாத பன்றித் தலைகள் மலிவாக வெளியே வந்ததால்தான் தலைக்கறிச் சமையல் அங்கே பெருகியது என்பது அந்த ஊர்க்காரர்களே சொல்வது. வாழைப்பழக் கெட்சப் மரியா ஒரோசாவின் ஆக்கம். ஸ்பேம் என்கிற பன்றிக்கறி டப்பா அமெரிக்கப் பட்டாளத்தோடு வந்தது. இரண்டு நாடும் ஒரே தட்டில் கலந்து எவ்வளவோ காலம் ஆயிற்று. ஃப்ரைஸ் இருக்கட்டும், கேள்வி அதைச் சரியாகச் செய்ய முடியுமா என்பதுதான்.

சிசிக்குக்கு வருகிறேன். இந்த வண்டியில் கல்லில் முடியும் ஒரே பெரிய ஐட்டம் அது, ஆகவே அதைத்தான் முன்னால் தள்ள வேண்டும்.

எலும்பு நீக்கிய முகத்தோலும் காதும் 10 கிலோ. தண்ணீர் 10 லிட்டர், கரும்பு வினிகர் அரை லிட்டர், உப்பு 100 கிராம், மிளகு, பிரிஞ்சி இலை. மெல்லிய கொதியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். கத்தி நுனி காதுக் குருத்தெலும்பில் தடையோடு இறங்க வேண்டும். வெண்ணெயில் இறங்கினமாதிரி போனால் மொறுமொறுப்பு போய்விட்டது. வடித்து, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, இரவு முழுக்கக் குளிரில். நறுக்குவது மறுநாள் காலை, குளிர்ந்திருக்கும்போதே. சூட்டில் நறுக்கினால் கொழுப்பு கத்தியில் பூசிக்கொண்டு கூழாகும். முகம் 6 மில்லிமீட்டர்த் துண்டு, காது 4 மில்லிமீட்டர்க் கீற்று.

கல் 220 டிகிரி. ஒரு ஆர்டருக்கு 150 கிராம், ஒரு நேரத்தில் இரண்டு ஆர்டர், அதற்கு மேல் வேண்டாம். குவித்துப் போட்டால் அதன் நீரிலேயே வேகும், வறுபடாது. போட்டவுடன் கிளறக் கூடாது. தோலில் இருக்கும் பசை முதல் ஒரு நிமிடம் கல்லைக் கவ்விக்கொள்ளும். இரண்டு நிமிடம் விட்டால் அடி பொன்னிறமாகித் தானே விடும். அவசரப்பட்டுச் சுரண்டினால் அந்த மொறுமொறுப்பு கல்லிலேயே தங்கிவிடும். தோல் துண்டுகள் கடுகு வெடிப்பதுபோல் வெடிக்கும், ஆகவே ஓட்டை போட்ட மூடி கட்டாயம். கல்லுக்கு முன்னால் நிற்பவர் முகத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இரண்டடிகூட இருக்காது.

வெங்காயமும் மிளகாயும் கடைசி 20 நொடி. கலமான்சி (சின்ன எலுமிச்சை வகை) சாறும் மயோனைஸும் கல்லை விட்டு இறக்கிய பிறகு. சூட்டில் மயோனைஸ் பிரிந்து எண்ணெயாக ஓடும். பம்பாங்கா முறையில் மயோனைஸ் கிடையாது, கோழி ஈரல் மசித்துச் சேர்ப்பார்கள். என் கட்சி ஈரல்தான்.

மிளகுத்தட்டை எழுதியது:

எல்லாரும் அடுப்பையே பேசுகிறீர்கள். இந்த மெனு சிக்கப்போவது ஆறவைப்பதில். அடோபோ, கரே-கரே, சிசிக் மூன்றும் முந்தைய நாளே வெந்து, ஆறி, மறுநாள் சூடேறுபவை. மூன்றாள் குடும்பம் மதியக் கூட்டத்தைச் சமாளிக்க முடிகிறது என்றால் அது பிலிப்பினோ சமையலின் இந்தக் குணத்தால்தான். ஆனால் 20 லிட்டர் அடோபோவைப் பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி மறுநாள் காலையிலும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். பக்கத்தில் இருக்கும் பச்சைக்கறியையும் சேர்த்துச் சூடாக்கும்.

விதி இது: 57 டிகிரியிலிருந்து 21க்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள். முதல் கட்டம்தான் கண்டிப்பு. 2 மணி நேரத்தில் 21 வரவில்லையென்றால் உடனே 74க்குத் திரும்பச் சூடேற்றி மறுபடி ஆறவைக்க வேண்டும், இல்லையென்றால் கொட்ட வேண்டும். இரண்டு அங்குல ஆழமுள்ள தட்டையான எஃகுத் தட்டுகளில் ஊற்றி, மூடாமல், அடியில் ஐஸ். அல்லது தண்ணீர் நிரப்பி உறையவைத்த, மூடிய குழாயைக் குழம்புக்குள் விட்டுக் கிண்டுவது. 8க்கு 16 வண்டியில் இதற்கு இடம் கிடையாது. கமிசரி எனப்படும், உரிமம் பெற்ற வாடகைச் சமையலறையில் முடித்துவிட்டுத்தான் வண்டிக்கு எடுத்துவர வேண்டும்.

இன்னொன்று. ஆரிகனில் நடமாடும் உணவு வண்டிக்கு நான்கு வகுப்பு உண்டு. பச்சை இறைச்சியை வண்டியிலேயே சமைக்க வேண்டுமானால் நான்காம் வகுப்பு உரிமம் வேண்டும். பச்சைப் பன்றிக் கைமா வைத்த லும்பியாவை வண்டியில் பொரிப்பதும் அதில்தான் வரும். குடும்பக் கடை என்பதால் பாட்டி வீட்டில் உட்கார்ந்து லும்பியா சுருட்டித் தருவார் என்று கணக்குப் போடாதீர்கள். வீட்டுச் சமையலறையில் செய்ததை வண்டியில் விற்கக் கூடாது. பாட்டி கமிசரிக்கு வரலாம், உணவு கையாளும் அட்டையோடு.

நள்ளிரவுப்_பசி எழுதியது:

அடோபோ வினிகரில் ஊறியது. பிலிப்பைன்ஸில் ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் நாள்கணக்காக வெளியே வைத்துச் சாப்பிட்டார்கள். அதற்கும் இந்தக் கெடுபிடியா?

மிளகுத்தட்டை எழுதியது:

அது கொழுப்பு மூடிய, உப்பும் புளிப்பும் பல மடங்கு கூடிய, தண்ணீரே இல்லாத பழைய அடோபோ. இன்று கடையில் போடுவதில் பாதிக்கு மேல் தண்ணீர். குழம்பின் புளிப்பு நாக்கில் தெரிந்தாலும் இறைச்சியின் நடுவில் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு; புளிப்பு கூடக் குறையும்) 4.6க்குக் கீழே இறங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆய்வாளர் தெர்மாமீட்டரைத்தான் குத்துவார், வரலாற்றைக் கேட்க மாட்டார்.

வெற்றிட உறையில் அடைத்து வைத்தால் இடம் மிச்சம் என்று யாராவது சொல்வதற்கு முன்பே சொல்கிறேன்: அதற்குத் தனியாக ஹாசப் (HACCP, உணவு அபாயக் கட்டுப்பாட்டு) திட்டம் எழுதித்தர வேண்டும். மூடி போட்ட பெட்டி போதும்.

பொரிச்சட்டி எழுதியது:

விங்ஸ் விஷயத்துல மிளகுத்தட்டை சொன்ன முதல்நாள் வேலையே லாபம்தான். 10 கிலோ விங்ஸுக்குக் கரும்பு வினிகர் 1 லிட்டர், சோயா சாஸ் 800 மில்லி, தண்ணி 1 லிட்டர், பூண்டு 300 கிராம், முழு மிளகு ரெண்டு கைப்பிடி, பிரிஞ்சி இலை 15. அலுமினியப் பாத்திரம் வேண்டாம். வினிகர் அரிச்சு உலோக வாசம் வரும், எஃகுதான். மூடாம கொதிக்க விடணும், அப்பதான் வினிகரோட நெடி போகும். கொதி வந்து 20 நிமிஷம், அதோட எடுத்துடணும். 30 போனா ஃப்ரையர்ல எலும்பு தனி, கறி தனி.

எடுத்ததைக் கம்பித் தட்டுல பரப்பி, மூடாம ஃப்ரிட்ஜ்ல ராத்திரி முழுக்க. தோல் காயும். மறுநாள் சோளமாவும் அரிசி மாவும் சரிபாதி, லேசாத் தூவி, 190 டிகிரியில 4 நிமிஷம். ஈரத்தோட போட்டா சோயா எண்ணெய்ல கலந்து ரெண்டே நாள்ல எண்ணெய் கறுத்துடும். வேகவெச்ச சாறை மூணுல ஒரு பங்கா சுண்டவெச்சு, பழுப்புச் சர்க்கரை 200 கிராம் போட்டுப் பிரட்டறதுக்கு வெச்சுக்கணும். சுண்டும்போது உப்பு மூணு மடங்கு ஏறும், அதனாலதான் சோயா வினிகரைவிடக் கம்மி. வீட்டுக் குறிப்புல இருக்கற சம அளவைப் போட்டீங்கன்னா சாஸ் வாய்ல வைக்க முடியாது.

லும்பியா: பன்றிக் கைமா 1 கிலோ, துருவின கேரட் 200, பொடி வெங்காயம் 150, முட்டை 2, உப்பு 14 கிராம், மிளகு. காய்கறியத் துணியில போட்டுப் பிழிஞ்சே ஆகணும். இது ஒண்ணுக்கு 22லேருந்து 25 கிராம்னு கிட்டத்தட்ட 60 வரும். விரல் தடிமன் தாண்டக் கூடாது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பரப்பி உறையவெச்சு, உறைஞ்சதை அப்படியே 170-175ல 5லேருந்து 6 நிமிஷம். இளகவிட்டா ஷீட் ஈரமாகி ஒட்டும், எண்ணெய்ல வெடிக்கும். சீக்கிரம் ஆகணும்னு 190 வெச்சா வெளிய சிவந்து உள்ள பச்சை. கைமாவுக்கு நடுவுல 68 டிகிரி காட்டணும். தெர்மாமீட்டர் ஊசி மெல்லிசா இல்லேன்னா குத்தின இடத்துலேயே சாறு ஒழுகி எண்ணெய் தெறிக்கும்.

சட்டுவம் எழுதியது:

லும்பியாவைக் காலையிலேயே அரை வேக்காடாகப் பொரித்து வைத்து, ஆர்டர் வந்ததும் ஒன்றரை நிமிடத்தில் முடித்தால் ஃப்ரையர் கணக்கு சரிவருமே?

மிளகுத்தட்டை எழுதியது:

அரை வேக்காடு வேண்டாம். பச்சை இறைச்சியைப் பாதி வேகவைத்து நிறுத்திப் பிறகு முடிப்பது எழுத்துப்பூர்வமான செய்முறைக்கு முன்அனுமதி கேட்கும் விஷயம். காலையிலேயே முழுதாக 68 டிகிரிக்கு வேகவைத்து, ஆறவைத்து, குளிரில் வைத்து, ஆர்டருக்கு மொறுமொறுப்பு ஏற்றினால் தடையில்லை. ஆனால் இரண்டாவது பொரியலில் ஷீட் தடித்துக் கடினமாகும். பொரிச்சட்டி ஒத்துக்கொள்ள மாட்டார்.

பொரிச்சட்டி எழுதியது:

ஒத்துக்க மாட்டேன். அதுக்குப் பதிலா 11:45க்கே ஒரு கூடை போட்டுடுங்க, 12:15க்கு இன்னொண்ணு. லும்பியா கம்பித் தட்டுல சூடு விளக்குக்கு அடியில 15 நிமிஷம் நல்லா நிக்கும். நிக்காதது ஃப்ரைஸ்தான். ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே போட வேண்டியது எது, வந்தப்புறம் போட வேண்டியது எதுன்னு பிரிச்சாலே பாதி நெரிசல் போயிடும்.

கல்லடுப்பு எழுதியது:

ஃப்ரைஸ்மேல் ஊற்றும் கரே-கரே சாஸ் சாதாரணக் குழம்பைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி ஜன்னலைத் தாண்டுவதற்குள் ஃப்ரைஸ் சொதசொதவென்று ஆகிவிடும். மாட்டு எலும்புச் சாறு 4 லிட்டர், சர்க்கரை சேர்க்காத வேர்க்கடலை வெண்ணெய் 800 கிராம், வறுத்து அரைத்த அரிசி 150 கிராம். நிறத்துக்கு அன்னாட்டோ விதை 60 கிராமை 200 மில்லி எண்ணெயில் மெல்லிய சூட்டில். விதை கறுத்தால் சாஸ் முழுக்கக் கசப்பு. அரிசி சிவக்க வறுபடாவிட்டால் பச்சை மாவு வாசம் அடிக்கும். இறைச்சிக்கு வாலைவிட மாட்டுத் தோள்கறி வண்டிக்கு உகந்தது. கையால் சாப்பிடும் பெட்டியில் எலும்பு எதற்கு?

ஸ்டீம் டேபிளில் (உணவைச் சூடாக வைக்கும் ஆவி மேசை) ஒரு மணி நேரம் நின்றால் கடலை எண்ணெய் மேலே மிதக்கும், அடியில் மாவு இறுகும். கொதிக்கவிட்டால் பிரிவது கூடும். 60-65 டிகிரியில் நிறுத்தி, அரை மணிக்கு ஒருமுறை அரைக் கரண்டி வெந்நீர் விட்டு விஸ்க்கால் அடித்தால் சேர்ந்துவிடும். பாகூங்கை (உப்பில் புளிக்கவைத்த இறால் விழுது) சாஸில் கலக்காதீர்கள், தனிக் கிண்ணத்தில் கொடுங்கள்.

இராசவள்ளி எழுதியது:

பாகூங் தனியாக இருக்க வேண்டியதுக்கு உப்பு மட்டும் காரணம் இல்லை. அமெரிக்காவில் பெரிய ஒவ்வாமைப் பட்டியலில் ஒன்பது பொருள்கள். 2023 ஜனவரியிலிருந்து எள்ளும் சேர்ந்தது. இந்தச் சின்ன மெனுவுக்குள் எத்தனை வருகிறது பாருங்கோ: கரே-கரேயில் வேர்க்கடலை, பாகூங்கில் இறால், பாடிஸ் என்ற மீன் சாஸில் மீன், சோயா சாஸில் சோயாவும் கோதுமையும், லும்பியா ஷீட்டில் கோதுமை, உள்ளே முட்டை, குக்கியில் பால். ஒரே ஃப்ரையரில் லும்பியாவும் ஃப்ரைஸும் விழுந்தால் அந்த ஃப்ரைஸை 'கோதுமை இல்லாதது' என்று எழுத ஏலாது. ஜன்னலில் நிற்கிற ஆளுக்கு இது பாடமாக இருக்க வேண்டும். "கேட்டுச் சொல்லுறன்" என்று உள்ளே திரும்பினாலே வரிசை நின்றுவிடும். கரே-கரே கரண்டிக்கு வேறு நிறப் பிடி போடுங்கோ.

சோயா சாஸுக்குப் பதில் கோதுமை சேராத தமாரி போட்டால் அடோபோ ஒரு வழியாகத் தப்பும். கோதுமை ஆகாதவர்களுக்கு அடோபோவைப் பொரிக்காமல் சோற்றோடு கொடுக்கலாம்.

நள்ளிரவுப்_பசி எழுதியது:

சரி, ஃப்ரைஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். கரண்ட், கேஸ் பற்றி யாருமே பேசவில்லை. 30 ஆம்ப் இணைப்பு போதுமா?

சட்டுவம் எழுதியது:

அதை நானே கணக்கிட்டேன். 120 வோல்ட், 30 ஆம்ப் என்றால் 3,600 வாட். தொடர்ந்து ஓடுவதற்கு 80 சதவீதம்தான் கணக்கு, அதாவது 2,880. இரண்டு ஃப்ரிட்ஜ் 1,000, ரைஸ் குக்கர் 1,550, வெந்நீர் ஹீட்டர் 1,500, ஸ்டீம் டேபிள் 1,200, ஹூட் விசிறி 400. மொத்தம் 5,650. காலை பத்து மணிக்குச் சோறும் வெந்நீரும் ஒன்றாக ஓடும்போது பிரேக்கர் விழும், ஃப்ரிட்ஜும் சேர்ந்து நிற்கும். 120/240 வோல்ட்டில் 50 ஆம்ப் தரும் 'பாட்' மனையைத்தான் பார்க்க வேண்டும். கேஸ் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லடுப்பு எழுதியது:

ஃப்ரையர் மணிக்கு 90,000 பி.டி.யு. (வெப்ப அளவு), கல் 60,000, இரண்டு பர்னர் 60,000. எல்லாம் முழு வீச்சில் எரிந்தால் 2,10,000. நடைமுறையில் பாதி. ஒரு கேலன் புரொப்பேன் 91,500 பி.டி.யு. தரும். 100 பவுண்டு சிலிண்டரில் ஏறக்குறைய 23.6 கேலன், ஆக 20 மணி நேரம் வரும்.

குளிர்காலத்தில் வரும் கோளாறு வேறு. சிலிண்டரில் பாதி திரவம் இருந்தும் கல் சூடேறாது, பர்னரில் நீலம் சுருங்கும். திரவம் ஆவியாக மாறச் சூடு வேண்டும். அதைச் சிலிண்டர் சுவர் வழியாக வெளிக்காற்றிலிருந்துதான் எடுக்கிறது. வெளியே குளிர், சின்னச் சிலிண்டர், அளவு குறைந்த திரவம் மூன்றும் சேர்ந்தால் ஆவியாவது தேவைக்கு எட்டாது. வெளிப்புறம் உறைபனி பிடிக்கும். 20 பவுண்டு சிலிண்டரில் இந்த வண்டியை ஓட்ட நினைக்கவே கூடாது. இரண்டு 100 பவுண்டு சிலிண்டரை இணைத்து இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் இழுத்தால் சுமை பாதியாகும். சிலிண்டர்மேல் வெந்நீர் ஊற்றுகிறவர்கள், போர்வை சுற்றுகிறவர்கள் உண்டு. போர்வை வரவேண்டிய சூட்டையும் தடுக்கும்.

ஹூட்டின் தீயணைப்பு அமைப்புக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை; ஃப்ரையர் பக்கத்தில் சமையல் எண்ணெய்த் தீக்கான கே (K) வகைத் தீயணைப்பான்.

சட்டுவம் எழுதியது:

டுரோன் போய்விட்டது. இனிப்புக்கு ஊபே குக்கி ஒன்றுதான். அது எப்போதும் சாம்பல் நிறத்துக்குப் போவது ஏன்?

இராசவள்ளி எழுதியது:

ஊபே எங்கட யாழ்ப்பாணத்து இராசவள்ளிக்கிழங்கின் இனம்தான். அந்த ஊதா நிறம் ஆந்தோசயனின். புளிப்பில் சிவக்கும், சோடா போன்ற காரப் பொருளில் நீலமாகிப் பிறகு பச்சைச் சாம்பலாகும். குக்கி மாவில் சமையல் சோடா போட்டால் அதுதான் நடக்கும். சோடாவை விட்டுவிட்டு பேக்கிங் பவுடர் மட்டும், 250 கிராம் மைதாவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி. உறைந்த துருவல் ஊபே போடுறதென்றால் நீரைச் சட்டியில் வற்றவைத்து, கரண்டியில் பிடித்தால் விழாத பதத்துக்கு வந்த பிறகு சேர்க்க வேணும். ஈரத்தோடு போட்டால் குக்கி பரந்து தட்டையாகும். எசன்ஸ் ஒரு தேக்கரண்டிக்கு மேல் போனால் நிறம் அடர்ந்து மருந்து வாசம் வரும்.

மேலே ஐசிங் சீனியில் உருட்டுகிறீர்கள் என்றால் முதலில் சாதாரணச் சீனியில் ஒருதரம் உருட்டுங்கோ. இல்லாவிட்டால் ஐசிங் சீனி ஈரத்தை உறிஞ்சிக் காணாமல் போகும், வெடிப்பு வெள்ளையாகத் தெரியாது. கமிசரியில் சுட்டு ஆறவைத்துப் பையில் போட்டால் வண்டியில் ஒரு வேலையும் இல்லை. குளிரில் வைக்கவும் தேவையில்லை, ஜன்னல் ஓரமே போதும்.

பொரிச்சட்டி எழுதியது:

வெயில் படாத ஜன்னல் ஓரம். அந்த ஊதா வெயிலுக்கும் வெளுக்கும்.